சுழன்ற சக்கரமும் சும்மா நின்ற சக்கரமும்

மலைநாட்டுப் பிரயாணம் என்றதும் நம் வாசகர்களிற் பலருக்குக் கடுகண்ணாவை ஏற்றமே முதலில் நினைவுக்கு வரும். கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் மாவனல்லையைத் தாண்டியதும் காற்றிலே ஒரு குளிர்ச்சியை உணர்வர். அதன்பின் பாதை நேராக ஓடுவதை மறந்துவிடுகிறது. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளத்தாக்கு, தூரத்திலே பைபிள் பாறை எனப்படும் பத்தலேகல. இவற்றுக்கிடையே பஸ்களும் லொறிகளும் ஒன்றையொன்று உரசிவிடுமோ என்று அஞ்சும்படி ஏறியிறங்கிக்கொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், நாமும் குடும்பத்தாரும் ஒரு பழைய வானில் இவ்வழியே ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பஸ் தன் பாதியையும் நம் பாதியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அதற்கு இடம் கொடுக்க நாம் இடப்பக்கம் ஒதுங்கினோம். பின்னால் இருந்த இடச்சக்கரம் தாரை விட்டிறங்கிச் சேற்றிலே அமர்ந்தது. பஸ் போயிற்று, நாம் நின்றோம். அக்ஸிலரேட்டரை மிதித்தால் சேற்றிலிருந்த சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. செந்நிறச் சேறு பின்னால் நின்றவர்களின் வேட்டியிலும் சேலையிலும் கோலமிட்டது. ஆனால் வலப்பக்கத்துச் சக்கரமோ, நல்ல தார் ரோட்டிலே, பிடிப்புக்கு யாதொரு குறையுமின்றி, சும்மா நின்றது.

இழுக்க வல்லது இழுக்கவில்லை. இழுக்க மாட்டாதது சுழல்கிறது. இது என்ன நீதி என்று நாம் திகைத்திருக்கையில், பின்னால் வந்த லொறியின் சாரதி இறங்கி வந்தார். தலை நரைத்த பெரியவர்.

“மிதிக்க வேண்டாம் ஐயா. நீங்கள் மிதிக்க மிதிக்க அது குழி தோண்டிக்கொண்டே போகும்” என்றார். இரண்டு வெற்றுச் சாக்குகளையும் பாதையோரத்துக் கற்கள் சிலவற்றையும் கொண்டுவந்து, சேற்றுச் சக்கரத்தின் கீழ்ச் செருகினார். மெல்ல மிதிக்கச் சொன்னார். வான் ஒரு குலுங்குக் குலுங்கி மேலேறிவிட்டது.

நன்றி சொல்லிவிட்டு நம் ஐயத்தையும் கேட்டோம். அவர் சிரித்தார். “அது இரண்டு பிள்ளைக்கும் சமபங்கு என்று எழுதிவைத்த வீடு ஐயா. ஒருவன் வாங்க மாட்டேன் என்றால் மற்றவனுக்கும் கிடைக்காது” என்று சொல்லிவிட்டுத் தம் லொறியில் ஏறிக்கொண்டார்.

அன்று நாம் அதைப் பாதிதான் புரிந்துகொண்டோம். மறுபாதியைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அண்மையில்தான் வந்தது. வந்த வழி, நம் தமக்கையின் மகன்.

பையனுக்கு இருபத்துமூன்று வயது. உழைக்கத் தொடங்கிய கையோடு ஒரு பழைய ஜப்பானியக் கார் வாங்கியிருந்தான். அதற்கு ‘எல்.எஸ்.டி.’ பூட்டப் போவதாகவும், அதற்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதையும் எடுக்கப் போவதாகவும் வீட்டில் சொல்லிவிட்டான். தமக்கைக்கு அது என்னவென்று தெரியாது. ஏதோ ஆகாத பொருள் என்றே அவள் எண்ணிவிட்டாள். “தம்பி, நீயாவது அவனிடம் கேள். அது காருக்குப் போடுவதாம். போட்டால் வளைவிலே வேகமாய்ப் போகலாமாம். எனக்கு நெஞ்சு பதறுகிறது” என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்.

பையனை அழைத்து உபதேசம் செய்வதால் பயனில்லை என்பதை நாம் நம் இளமையிலிருந்தே அறிவோம். ஆகவே, “ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா, கடுகண்ணாவைக்குப் போய் வருவோம். உன் எல்.எஸ்.டி.யை எனக்கும் சொல்லிக்கொடு” என்றோம். அவன் மகிழ்ச்சியோடு வந்தான்.

முதலில் டோசன் கோபுரத்தடியில் காரை நிறுத்தினோம். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பாதை, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் அமைந்தது. அதை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டதே இக்கோபுரம். அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டியும் ஓடத் தொடங்கிற்று. சற்றுக் கீழே பாறையைக் குடைந்த பழைய வாயில் இருக்கிறது. இன்றைய வாகனங்கள் அதன் பக்கத்தால் போகின்றன என்றாலும், குழந்தைகளை அழைத்து வருவோர் இன்றும் அதனுள்ளே நடந்து பார்க்கிறார்கள்.

“குதிரை வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் இந்த வளைவுகளில் ஏன் தொல்லை வரவில்லை?” என்று பையனைக் கேட்டோம்.

அவன் யோசித்துவிட்டு, “அவற்றுக்குச் சக்கரம் வேறு, இழுப்பது வேறு மாமா” என்றான். சரியான விடை. வண்டியை இழுப்பது மாடு. சக்கரம் வெறுமனே உருள்வது. அச்சின் இரு முனையிலும் இரு சக்கரங்கள் தத்தம் இஷ்டப்படி சுழலும். வளைவிலே வெளிப்பக்கச் சக்கரம் நெடுந்தூரமும் உட்பக்கச் சக்கரம் குறுந்தூரமும் போகவேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழன்று தத்தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கையும் சொல்லிவிடுவோம். ஒரு காரின் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் என்று கொள்வோம். பாதை முழுதாகத் திரும்பி, வந்த திசைக்கே முகம் காட்டும் கொண்டை ஊசி வளைவொன்றில், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 4.7 மீட்டர் அதிகம் ஓடும். வளைவு சிறிதோ பெரிதோ, இந்த வித்தியாசம் மாறாது. அகலத்தை 3.14ஆல் பெருக்கினால் போதும். கடுகண்ணாவை போன்ற மலைப்பாதையில் இத்தகைய கடன் வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே போகும். அதைத் தீர்க்க ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வழி வேண்டும்.

அடுத்து, புகையிரத நிலையத்தை அடுத்துள்ள தேசிய புகையிரத நூதனசாலைக்குப் போனோம். இலங்கைப் புகையிரத சேவையின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2014 டிசம்பரில் இது திறக்கப்பட்டது. பழைய நீராவி எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் பெட்டிகளும் இங்கே ஓய்வெடுக்கின்றன. பொருத்தமான இடந்தான். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தபோது, அதன் பெரும் சோதனை ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள இந்த ஏற்றமே. ஏறத்தாழ 12 மைல் தூரத்துக்கு, 45 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு. மோட்டார்க் காருக்கு அது விளையாட்டு. இரும்பின்மீது உருளும் இரும்புக்கு அது பெருமலை.

“இதன் சக்கரங்களைப் பார்” என்றோம். பையன் குனிந்து பார்த்தான். இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருந்தன. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஆகவேண்டும்.

“அப்படியானால் வளைவில் எப்படிப் போகும்?”

இரகசியம் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. தண்டவாளத்தின்மீது படியும் அதன் முகம் தட்டையானதன்று. வெளிப்பக்கம் சிறுத்து உட்பக்கம் பருத்து, புனல் போன்று இலேசாகச் சரிந்திருக்கும். வளைவு வந்ததும் சக்கரத்தொகுதி முழுவதும் வெளிப்பக்கம் சற்றே நகரும். அப்போது வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியாலும் உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியாலும் உருளும். சுற்று ஒன்றே ஆயினும் ஓடும் தூரம் வேறாகிவிடுகிறது. ஆனால் இந்த உபாயத்துக்கும் எல்லையுண்டு. மிகக் குறுகிய வளைவில் கணக்கு முழுதும் தீராமல், சக்கரம் தண்டவாளத்தில் சறுக்கித் தேயும். மலைநாட்டுப் புகையிரதத்தில் போவோர் வளைவுகளிற் கேட்கும் அந்தக் ‘கிரீச்’ ஒலி இந்தச் சறுக்கலின் முறையீடேயாகும்.

ஆக, மாட்டு வண்டியில் சக்கரங்கள் தனித்தனி. புகையிரதத்தில் சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. மோட்டார் வாகனத்தின் பாடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் சக்கரமே அதை இழுக்கவும் வேண்டும். வளைவில் தனித்தனி வேகத்தில் சுழலவும் வேண்டும். ஒரே எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் கொடுத்து, ஆனால் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் விடவேண்டும்.

இதற்கு விடை கண்டவர் பிரான்சிலே ஒனெசிபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி. நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் இதைச் செய்தது 1820களின் இறுதியில். அதாவது, டோசனின் பாதை இங்கே உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில். அவர் அமைத்த பற்சக்கரத் தொகுதியைத்தான் இன்று நம் சாரதிகள் ‘டிபரன்ஷியல்’ என்கிறார்கள்.

அதன் தத்துவத்தை ஒரு கழியைக்கொண்டே விளக்கிவிடலாம். ஒரு கழியின் இரு முனையிலும் இரு பாரங்களைக் கயிற்றால் கட்டுங்கள். கழியின் நடுவே வேறொரு கயிறு கட்டி இழுங்கள். இரு பாரங்களுக்கும் சமமான இழுப்புக் கிடைக்கும். ஒன்று முந்தினாலும் மற்றது பிந்தினாலும் கழி சற்றே சாயுமேயன்றி இழுப்பு சமமாகவே இருக்கும். இப்போது ஒரு பாரத்தை அவிழ்த்துவிடுங்கள். நடுவே என்னதான் இழுத்தாலும் கழி அந்தப் பக்கமாகச் சுழன்று வருமேயன்றி, மற்றைப் பாரம் அசையாது. டிபரன்ஷியல் என்பது பற்சக்கரங்களால் செய்யப்பட்ட, முடிவின்றிச் சுழலக்கூடிய ஒரு கழி. அவ்வளவுதான்.

லொறிச் சாரதி சொன்ன சமபங்கு இதுவே. தார் ரோட்டிலிருந்த நமது வலச்சக்கரம் 100 பங்கு இழுப்பைத் தாங்கவல்லது என்றும், சேற்றிலிருந்த இடச்சக்கரம் 20 பங்கு மட்டுமே தாங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இடச்சக்கரம் 20க்கு மேல் வாங்க மறுத்துச் சுழல்கிறது. சமபங்கு நியதிப்படி வலச்சக்கரத்துக்கும் 20தான். ஆக மொத்தம் 40. வான் மேலேற 60 வேண்டும் என்றால், அது நின்ற இடத்தில் நிற்பதன்றி வேறென்ன செய்யும்? எஞ்சினிலே ஆயிரம் குதிரை வலு இருந்திருந்தாலும் கதை அதுவே.

ஹான்ட் பிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்தால் வண்டி ஏறிவிடும் என்று அப்போது சிலர் யோசனை சொன்னார்கள். அது சுழலும் சக்கரத்தின் வெறியைச் சற்றுத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த பிரேக் இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. வயல் உழும் டிராக்டரில் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் இருப்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். சேற்றில் சுழலும் சக்கரத்தை மட்டும் மிதித்துப் பிடித்தால், இழுப்பு மற்றைச் சக்கரத்துக்குப் போய்விடும். அதுவே செம்மையான வழி.

இந்தத் தொல்லை சேற்றில் மட்டுமா? “நல்ல ரோட்டிலும் உண்டு மாமா” என்று பையன் உற்சாகமாகத் தொடங்கினான். அவன் சொன்னது முற்றிலும் சரி. வேகமாக ஒரு வளைவில் திரும்பும் காரின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது; உட்பக்கச் சக்கரம் இலேசாகிறது. அந்த நேரத்தில் சக்திமிக்க எஞ்சினை முடுக்கினால், பாரமற்ற உட்சக்கரம் தாரிலேயே சேற்றில் சுழல்வதுபோலச் சுழல்கிறது. பந்தயக் காரோட்டிக்கு அது பெருநஷ்டம்.

இந்த நஷ்டத்தை உலகுக்கு உணர்த்தியவை 1930களில் ஜெர்மனியில் பேர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள். பதினாறு சிலிண்டர் எஞ்சின், ஒல்லியான டயர்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும்கூட ஒரு பின்சக்கரம் பிடிப்பை விட்டுச் சுழன்றதாம். போர்ஷே, ‘இஸட்.எஃப்.’ என்ற பற்சக்கரத் தொழிற்சாலையை நாடினார். ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சக்கரம் செய்வதற்காக 1915இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. அங்கே பிறந்ததுதான் சறுக்கலுக்கு எல்லை வகுக்கும் டிபரன்ஷியல். அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளே, நம் தமக்கையின் தூக்கத்தைக் கெடுத்த எல்.எஸ்.டி.

எல்லை வகுப்பது என்றால் என்ன? சமபங்கு நியதியை முற்றாக ஒழிப்பதன்று. அதைச் சற்றுத் தளர்த்துவது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு, மற்றதைப்போல் மூன்று மடங்குவரை கொடுக்கலாம் என்று அமைத்துவிட்டால், நமது வானின் கணக்கு மாறிவிடும். இடச்சக்கரத்துக்கு 20, வலச்சக்கரத்துக்கு 60, மொத்தம் 80. வேண்டியதோ 60. வான் தானாகவே ஏறியிருக்கும்; சாக்கும் கல்லும் தேவைப்பட்டிரா.

இதைச் செய்யும் வழிகள் பல. முதலாவது, உராய்வுத் தட்டுகள். டிபரன்ஷியலின் உள்ளே மெல்லிய உலோகத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுவிட்ட தட்டுகள் அச்சோடும் மற்றவை வெளிக்கூட்டோடும் இணைந்தவை. இரண்டு வளையங்களின் நடுவே, சரிவாக வெட்டிய பள்ளத்தில் ஒரு குறுக்குத்தண்டு கிடக்கும். எஞ்சின் இழுக்கும்போது அத்தண்டு சரிவிலேறி இரு வளையங்களையும் ஆப்பு வைத்ததுபோல் விலக்கும். வளையங்கள் தட்டுகளை நெருக்கும். தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, இரு சக்கரங்களும் தம்முள் விலகிச் சுழல்வது கடினமாகும். எவ்வளவுக்கெவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு பிடி இறுகும். மிதியை விட்டு எஞ்சினால் வேகம் தணிக்கும்போதும் பிடிக்குமாறு மறுபக்கச் சரிவையும் வெட்டிக்கொள்ளலாம், வெட்டாமலும் விடலாம். இத்தட்டுகளுக்கென்று உராய்வைப் பதப்படுத்தும் சரக்குச் சேர்ந்த தனி ஒயில் வேண்டும். அதை ஊற்ற மறந்தால் குறுகிய திருப்பத்தில் பின்னச்சு கடகடவென்று நடுங்கி முறையிடும்.

இரண்டாவது, பற்சக்கரங்களையே உராயவைப்பது. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற ‘டோர்சன்’ இவ்வகையைச் சேர்ந்தது. திருகுபோற் சரிந்த பற்கள், பாரம் ஏறும்போது தம்மைத் தாமே நெருக்கிக்கொண்டு, சுழலும் பக்கத்தை அடக்குகின்றன. தேய்மானம் குறைவு, வேலை மென்மை. ஆனால் ஒரு சக்கரம் அடியோடு அந்தரத்தில் தொங்கினால் இது கைவிட்டுவிடும். ஏனெனில், இது செய்வது பெருக்கல். 20ஐ மூன்றால் பெருக்கினால் 60. பூச்சியத்தை மூன்றால் பெருக்கினால்?

மூன்றாவது, பிசுபிசுத்த சிலிக்கோன் திரவத்துள் துளையிட்ட தட்டுகளை மூழ்கவைப்பது. வேக வித்தியாசம் மிகும்போது திரவம் தட்டுகளை இழுத்துப் பிடிக்கும். ஆயின் சக்கரம் சிறிது சுழன்ற பின்பே அது விழித்துக்கொள்ளும். நான்காவது, இக்காலக் கார்களின் கணினி. எந்தச் சக்கரம் வீணே சுழல்கிறது என்பதை உணர்ந்து, அந்த ஒன்றை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. நம் டிராக்டர்க்காரர் காலால் செய்வதைத்தான் அது மின்னணுக்களால் செய்கிறது.

இவ்வளவையும் பேசிக்கொண்டே காருக்குத் திரும்பினோம். “பார்த்தீர்களா மாமா, எவ்வளவு நல்ல சாமான்! மழைநாளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது பாதுகாப்புத்தானே?” என்றான்.

இங்கேதான் நாம் காத்திருந்தோம்.

“உன் கார் நேராக மேலேறும்போது ஒரு சக்கரம் சேற்றில் போனால், பாதுகாப்புத்தான். ஆனால் ஈரமான வளைவில், தேய்ந்த டயரோடு, அதிகமாக மிதித்துவிட்டாய் என்று வை. சாதாரண டிபரன்ஷியலில் என்ன நடக்கும்?”

“உள்ளே இருக்கும் சக்கரம் சுழலும். கார் வேகமெடுக்காது.”

“வெளிச்சக்கரம்?”

அவன் சற்றுத் தயங்கினான். “அது சுழலாது, பிடித்துக்கொண்டிருக்கும்.”

“எல்.எஸ்.டி. இருந்தால்?”

பையன் பேசவில்லை. அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், ஒன்று சறுக்கும் வேளையில் மற்றதும் சேர்ந்து சறுக்கக்கூடும். ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இழுக்கவும், பக்கவாட்டில் தாங்கவும் இருப்பது ஒரே பிடிப்புத்தான். சுழலத் தொடங்கிய சக்கரம் பக்கவாட்டுத் தாங்கலையும் பெரும்பாலும் இழந்துவிடும். பின்சக்கர இழுவைக் காராயின் வால் வீசும். முன்சக்கர இழுவைக் காராயின் முகம் திரும்ப மறுத்து நேரே போகும். நேரே என்றால், கடுகண்ணாவையில் அது பள்ளத்தாக்கு. சும்மா நின்ற அந்தச் சக்கரத்தை நாம் சோம்பேறி என்று ஏசினோமே, அது வளைவிலே நம்மைப் பாதையில் வைத்திருக்கும் காவற்காரன்.

பந்தயக்காரர்கள் இதை அறிந்தே பயன்படுத்துகிறார்கள். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி போன்ற இடங்களில், பாதையை அடைத்து, எதிரே வாகனம் வராதபடி காத்து, பயிற்சிபெற்ற கைகள் ஓட்டுகின்றன. அத்தகைய ஏற்பாடுகள் நடுவிலும் விபரீதம் நேர்வதுண்டு. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர்மேல் பாய்ந்து ஏழு பேர் மாண்டதை நாடே அறியும். பஸ்ஸும் லொறியும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் பொதுப்பாதை எவ்வாற்றானும் போட்டிக்களம் ஆகாது.

பையனின் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். முன் டயர்கள் இரண்டிலும் வரிப்பள்ளங்கள் அழிந்து, வழுக்கைத் தலைபோல் மின்னின. பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும் என்கிறது. இவற்றில் நகத்தை வைத்தாலும் தங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டினோம். எல்.எஸ்.டி. பிடிப்பை உண்டாக்குவதில்லை, இருக்கும் பிடிப்பைப் பங்கிடுகிறது. பங்கிட ஒன்றும் இல்லாத வீட்டில் நல்ல பங்காளர் வந்து என்ன பயன்?

திரும்பும் வழியில் பையன் நெடுநேரம் மௌனமாக ஓட்டினான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாக வைத்து இறங்கியதைக் கவனித்தோம். நாம் சொல்லிக்கொடுத்ததன்று, அவன் தந்தை இருந்த காலத்தில் கற்பித்தது. பேராதனைச் சந்தியை நெருங்கியபோது, “நாலு டயரும் மாற்ற எவ்வளவு ஆகும் மாமா?” என்று கேட்டான். சீட்டுப் பணத்தில் பாதி போதும் என்றோம். “அப்படியானால் மீதியை...” என்று தொடங்கி நம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஆசை அவனை விட்டுப் போய்விடவில்லை என்பது தெரிந்தது. போகவும் வேண்டாம். யந்திரத்தை நேசிக்கும் பிள்ளை நாட்டுக்கு வேண்டியவன். டயர் மாறி, பிரேக் சரிபார்க்கப்பட்டபின், முறையான போட்டித் திடலொன்றில் பழகுவதாயின் நாமும் கூடவே வருவதாக வாக்களித்திருக்கிறோம்.

முடிக்குமுன், வாசகர்களுக்குப் பயன்படும் எச்சரிக்கை ஒன்று. ஜப்பானிலிருந்து வரும் சில வான்களிலும் ஜீப்புகளிலும் பின்னச்சில் எல்.எஸ்.டி. முன்னமே பொருத்தப்பட்டிருப்பதுண்டு, உரியவருக்கே அது தெரிந்திராது. சாதாரண வாகனத்தில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கால் உயர்த்தி எஞ்சினை ஓட்டி கியரில் இட்டால், தூக்கிய சக்கரம் சுழலும், மற்றது நிற்கும். எல்.எஸ்.டி. உள்ளதிலோ, தரையிலுள்ள சக்கரமும் இழுத்து, வாகனம் ஜாக்கைவிட்டுப் பாய்ந்துவிடும். சாதாரண வாகனத்திலும் அது செய்யத்தக்கதன்று. ஆகவே சக்கரம் உயர்ந்திருக்கும்போது எஞ்சினை ஓட்டவே வேண்டாம். ஒயில் மாற்றப் போகும்போதும், பின்னச்சின் மூடியருகே ஒட்டியிருக்கும் சீட்டை ஒருமுறை படித்துவிட்டு, தனி ஒயில் வேண்டுமா என்று கராஜ்காரரிடம் கேட்டறிவது நன்று.

தமக்கை மறுநாள் தொலைபேசியில் அழைத்தாள். “என்னதான் சொன்னாய்? புது டயர் வாங்கப் போகிறேன் என்கிறான், அந்த மூன்றெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை” என்றாள். நாம் அதிகம் சொல்லவில்லை என்றோம். உண்மையில், பாதிக்கு மேல் அவனேதான் நமக்குச் சொன்னான்.